ஊசியும் ஒற்றைச் செருப்பும்: பிழைத்து மீண்ட சில பெண்களின் உண்மைக் கதைகள்

கேள்வி இதுதான்: பதின்வயது மகளுக்குச் சொல்ல, பெரிய ஆபத்திலிருந்து பிழைத்து வந்த பெண்களின் கதைகள் வேண்டும். பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கும் பெயர்கள் வேண்டாம். கற்பனை கலந்திருக்கக் கூடாது.

கடைசி நிபந்தனைதான் சிரமமானது. இந்த வகைக் கதைகள் கைமாறக் கைமாறக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிடும். அதனால் நாட்குறிப்பு, கடிதம் என்று அந்தக் காலத்து எழுத்தோ, அனுபவித்தவரே சொன்ன வாக்குமூலமோ இருக்கும் கதைகளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘மன உறுதியால் பிழைத்தார்’ என்று முடிகிற கதைகள் எனக்கு அலுத்துவிட்டன. மன உறுதி இருந்தும் செத்துப்போனவர்கள் ஏராளம். இந்தப் பெண்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், வீட்டிலோ வேலையிலோ கற்ற ஏதாவது ஒரு சாதாரண விஷயம் கைகொடுத்திருக்கும். அப்புறம், உயிரோடு திரும்பிய பிறகு ஊர் வாயிலிருந்தும் தப்பிக்க வேண்டியிருந்திருக்கும். இந்த இரண்டாவது பகுதியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ஏடா பிளாக்ஜாக்கிலிருந்து தொடங்கலாம். அலாஸ்காவின் இன்யூப்பியாட் இனத்தவர், 1898இல் பிறந்தவர். எஸ்கிமோப் பெண் என்றதும் வேட்டையும் பனியும் கைவந்த கலையாக இருக்கும் என்று நினைத்துவிடுவோம். அவருக்கு அதில் எதுவும் தெரியாது. நோம் என்ற ஊரில் மிஷனரிகளிடம் வளர்ந்தவர். எழுதப் படிக்க, சமைக்க, துணி தைக்கத் தெரியும், அவ்வளவுதான். துப்பாக்கி சுடத் தெரியாது. பனிக்கரடி என்றாலே குலை நடுங்கும். கணவன் விட்டுப் போய்விட்டான். பெற்ற மூன்று பிள்ளைகளில் மிஞ்சியவன் பென்னட் ஒருவன்தான், அவனுக்கும் காசநோய். வைத்தியம் பார்க்கப் பணமில்லாமல் அவனை ஓர் அனாதை இல்லத்தில் விட்டிருந்தார்.

1921இல் வில்ஹியால்மர் ஸ்டெஃபான்சன் என்ற புகழ்பெற்ற துருவப் பயணி, சைபீரியாவுக்கு வடக்கே இருக்கும் ராங்கல் தீவைப் பிரிட்டனுக்காக உரிமை கோர ஒரு குழுவை அனுப்பினார். அவர் போகவில்லை, நான்கு இளைஞர்களை அனுப்பினார். அவர்களுக்கு ஒரு தையல்காரி தேவைப்பட்டார். அந்தக் குளிரில் தோல் உடையும் காலணியும் ஓர் இடத்தில் பிரிந்தால் விரல் போய்விடும். ஊசி பிடிக்கத் தெரிந்த கை அங்கே அத்தனை முக்கியம். மாதம் 50 டாலர் சம்பளம். மகனின் வைத்தியச் செலவுக்கு ஆகும் என்று ஏடா ஒப்புக்கொண்டார். கூட வருவதாகச் சொன்ன மற்ற உள்ளூர் ஆட்கள் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார்கள். நான்கு அந்நிய ஆண்களோடு தனி ஒரு பெண்ணாக, 23 வயதில், அவர் கப்பல் ஏறினார்.

கையில் இருந்த சாப்பாடு ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத்தான். துருவப் பகுதி மனிதனுக்கு நட்பான இடம், வேட்டையாடியே வாழ்ந்துவிடலாம் என்பது ஸ்டெஃபான்சன் ஊருக்கெல்லாம் சொல்லிவந்த கொள்கை. 1922 கோடையில் வர வேண்டிய கப்பலைப் பனிக்கட்டி மறித்துவிட்டது. வேட்டையும் குறைந்தது. 1923 ஜனவரி கடைசியில் மூன்று பேர் உறைந்த கடலின் மேல் நடந்து சைபீரியா போய் உதவி கேட்பதாகக் கிளம்பினார்கள். அதன்பின் அவர்களை யாரும் பார்க்கவில்லை. முகாமில் மிச்சம் இருந்தது ஏடா, ஸ்கர்வி நோயில் படுத்துவிட்ட லோர்ன் நைட், விக் என்ற பூனை.

இங்கிருந்துதான் கதையே. ஏடா நரிக்குப் பொறி வைக்கக் கற்றுக்கொண்டார். சுடக் கற்றுக்கொண்டார். விறகு பிளந்தார். நோயாளிக்குப் படுக்கைப் புண் வலிக்காமல் இருக்க ஏற்பாடு செய்தார். நைட்டோ, வலியிலும் பயத்திலும் அவரைத் திட்டித் தீர்த்தார். உன் பிள்ளைகள் செத்ததில் ஆச்சரியமே இல்லை என்கிற அளவுக்கு. ஏடா பதில் பேசவில்லை, நாட்குறிப்பில் எழுதினார். நான்கு ஆண்களின் வேலையை ஒரு பெண் செய்வது எத்தனை கஷ்டம் என்று இவர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. விறகு, வேட்டை, படுக்கைப் பணிவிடை, கழிவை அள்ளிக் கொட்டுவது எல்லாம் நான்தான் என்று அரைகுறை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார். உடம்பு மோசமான ஒரு சமயத்தில், தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதினார். பென்னட்டின் பள்ளிப் பைக்கென்று ஒரு கறுப்புத் துண்டு வைத்திருக்கிறேன், அதை அவனிடம் சேர்த்துவிடுங்கள் என்று ஒரு வரி அதில் இருக்கிறது. உலகின் விளிம்பில் பசியோடு உட்கார்ந்து பள்ளிப் பையைப் பற்றி யோசித்திருக்கிறார்.

ஜூனில் நைட் இறந்தார். ஏடா தட்டச்சுப் பொறியில் தேதியைப் பதிவு செய்தார். எத்தனை மணிக்கு என்று தெரியவில்லை, எந்த மாதம் எந்தத் தேதி என்று ஸ்டெஃபான்சனுக்குத் தெரிய வேண்டுமே என்று. உடலை நகர்த்தப் பலம் இல்லை. மிருகங்கள் நெருங்காமல் இருக்கச் சுற்றிலும் பெட்டிகளை அடுக்கிவிட்டு வேறு கூடாரத்துக்கு மாறினார். கரடி வருவதைத் தூரத்திலேயே பார்க்க ஒரு மேடை கட்டினார். துப்பாக்கியைப் படுக்கைக்கு மேலே கைக்கெட்டும்படி மாட்டி வைத்தார். மிதவைக் கட்டைகளையும் கித்தானையும் கொண்டு ஒரு படகு செய்தார். அத்தனைக்கும் நடுவே மகனுக்காகத் தைத்துக்கொண்டும் இருந்தார். ஆகஸ்டில் கப்பல் வந்தபோது அவரும் பூனையும் உயிரோடு இருந்தார்கள்.

மீட்கப்பட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றால் அது சினிமா. பத்திரிகைகள் அவரைப் பெண் ராபின்சன் குரூசோ என்று கொண்டாடின. அவர் பேச மறுத்தார். கொஞ்ச நாளில் காற்று திசை மாறியது. மீட்புக் கப்பலில் வந்த ஹரால்ட் நாய்ஸே, நைட்டை அவர் சரியாகக் கவனிக்காமல் சாகவிட்டார் என்று பத்திரிகைகளில் குற்றம் சாட்டினார். ஏடாவுக்காக வாய் திறந்தவர்கள், இறந்துபோன நைட்டின் பெற்றோர். அவரை நேரில் சந்தித்துப் பேசிய பிறகு, எங்கள் மகனுக்கு இந்தப் பெண் தன்னால் ஆன எல்லாவற்றையும் செய்தார் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். பென்னட்டை சியாட்டிலுக்கு அழைத்துப்போய் வைத்தியம் பார்த்தார் ஏடா. ஆனால் அந்தத் தீவின் கதையை எழுதிச் சம்பாதித்தவர்கள் வேறு ஆட்கள். அவர் வறுமையில்தான் வாழ்ந்து, 1983இல், 85 வயதில் இறந்தார்.

அடுத்தது யூலியானே கெப்கே. இவரைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கலாம். 1971 டிசம்பர் 24, பெரு நாட்டின் லிமாவிலிருந்து கிளம்பிய லான்சா என்ற நிறுவனத்தின் விமானத்தை மின்னல் தாக்கி, அமேசான் காட்டின் மேல் வானத்திலேயே அது உடைந்தது. 17 வயது யூலியானே, மூன்று இருக்கைகள் கொண்ட வரிசையோடு சேர்ந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் கீழே விழுந்து பிழைத்தார். விமானத்தில் இருந்த 92 பேரில் உயிரோடு வெளியே வந்தவர் அவர் ஒருவர்தான்.

எல்லோரும் அந்த விழுதலைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதற்குப் பிந்தைய 11 நாட்கள்தான் முக்கியம். ஏனென்றால் வேறு சிலரும் விழுந்தபோது சாகவில்லை, உதவிக்காகக் காத்திருந்து இறந்திருக்கிறார்கள் என்று பின்னர் கருதப்பட்டது. யூலியானேயின் அம்மாவும் அவர்களில் ஒருவர். யூலியானேயின் பெற்றோர் இருவருமே விலங்கியலாளர்கள். காட்டுக்குள் பாங்குவானா என்ற ஆய்வு நிலையத்தை நடத்தியவர்கள். மகளும் அங்கே கொஞ்ச காலம் வாழ்ந்தவர். காட்டில் தொலைந்துபோனால் ஓடும் நீரைப் பிடித்துக்கொண்டு போ, சிற்றோடை பெரிய ஆற்றில் சேரும், ஆற்றங்கரையில் மனிதர்கள் இருப்பார்கள் என்பது அப்பா சொல்லிக்கொடுத்தது. கழுத்தெலும்பு முறிந்து, மூக்குக்கண்ணாடி தொலைந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு கிளம்பினார். கண் சரியாகத் தெரியாததால், பாம்பு இருக்குமோ என்று செருப்பு போட்ட காலையே முதலில் ஊன்றினார். சாப்பாடு ஒரு பை மிட்டாய். ஹோட்சின் என்ற பறவையின் குரல் கேட்டதும், அது பெரிய நீர்நிலை ஓரமாகத்தான் கூடு கட்டும், ஆறு பக்கத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்டார். அம்மா பறவையியலாளர், அந்தக் குரலை அடையாளம் காண வீட்டிலேயே கற்றிருந்தார்.

பத்தாம் நாள் ஒரு படகும், பக்கத்தில் ஆளில்லாத ஒரு குடிசையும், கொஞ்சம் பெட்ரோலும் கிடைத்தன. கையில் இருந்த வெட்டுக்காயத்தில் புழு வைத்திருந்தது. வீட்டு நாய்க்கு ஒருமுறை இப்படி ஆனபோது அப்பா மண்ணெண்ணெய் ஊற்றியது நினைவுக்கு வர, பெட்ரோலைக் காயத்தில் ஊற்றி, வெளியே வந்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். முப்பது வரை எண்ணியிருக்கிறார். படகைத் திருட மனமில்லாமல் அங்கேயே தங்க, மறுநாள் மாலை காட்டு வேலைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பிற்காலத்தில் வௌவால்களை ஆராயும் விலங்கியலாளர் ஆனார். பெற்றோரின் பாங்குவானாவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கவும் வைத்தார்.

அதே அமேசான் பகுதியில் இரு நூற்றாண்டுக்கு முன் நடந்தது இசபெல் கோடானின் கதை. கணவர் ஷான் கோடான், பூமியின் வடிவத்தை அளக்க வந்த பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்தவர். 1749இல் பயண ஏற்பாட்டுக்காக ஆறு வழியே முன்னால் போனவர், அரசுகளின் அனுமதிச் சிக்கலில் கண்டத்தின் மறுகரையில் மாட்டிக்கொண்டார். இருபது ஆண்டு. 1769இல் இசபெல், இன்றைய ஈக்வடாரின் ரியோபம்பாவிலிருந்து சகோதரர்களோடும் சுமையாட்களோடும் 42 பேராகக் கிளம்பினார். அம்மை நோய், ஓடிப்போன படகோட்டிகள், கவிழ்ந்த படகு என்று ஒவ்வொன்றாக நடந்து, கடைசியில் காட்டில் உடன் இருந்தவர்கள் எல்லோரும் அவர் கண்முன் இறந்தார்கள். இறந்த சகோதரனின் காலணிகளை வெட்டி, அடிப்பகுதியைத் தன் காலில் கட்டிக்கொண்டு தனியாக நடந்தார். நாட்கள் கழித்து, ஆற்றோரம் சந்தித்த பழங்குடியினர் அவரைக் காப்பாற்றினார்கள். 1770இல் கணவரைச் சேர்ந்தார். ஒரு விஷயம் உறுத்தும்: இதெல்லாம் நமக்குத் தெரிவது ஷான் 1773இல் எழுதிய ஒரு கடிதத்தால்தான். இசபெல் தன் சொந்த வாயால் சொன்னது என்று ஒரு பக்கம்கூட இல்லை.

கடல் கதை வேண்டுமென்றால் டாமி ஓல்டம். 1983இல் டஹிட்டியிலிருந்து சான் டியேகோவுக்கு ஒரு பாய்மரப் படகைக் கொண்டுபோகும் வேலை; வருங்காலக் கணவரோடு போனார். ரேமண்ட் என்ற புயல் படகைப் புரட்டிப் போட்டது. மயக்கம் தெளிந்தபோது ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. பாய்மரம் முறிந்திருந்தது, என்ஜின் செத்திருந்தது, வருங்காலக் கணவரைக் காணவில்லை, அவருடைய பாதுகாப்புக் கயிறு மட்டும் தொங்கியது. டாமி ஒட்டுப்போட்ட ஒரு பாயைக் கட்டி, நண்பகலில் சூரியனின் உயரத்தைச் செக்ஸ்டண்ட் கருவியால் அளந்து அட்சரேகையைக் கணக்கிட்டு, 41 நாட்களில் ஹவாயின் ஹிலோ துறைமுகத்தை அடைந்தார். தலைக்காயத்தால் ஒரு புத்தகத்தைப் படிக்கவே பல ஆண்டுகள் முடியாமல் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கரை சேர்ந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை.

கண், காது, மூக்கு முளைப்பதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு உதாரணம் இரேனா செண்ட்லர். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சாவின் சேரியிலிருந்து குழந்தைகளைக் கடத்திக் காப்பாற்றிய போலந்துப் பெண். அவரைச் சாக்கடைப் பணியாளர் என்று சொல்லி, தனி ஆளாக 2500 குழந்தைகளைக் காப்பாற்றினார், நோபல் அமைதிப் பரிசை அமெரிக்க அரசியல்வாதி அல் கோரிடம் இழந்தார் என்று ஒரு செய்தி வருஷா வருஷம் சுற்றுகிறது. உண்மையில் அவர் நகராட்சியின் சமூகநலப் பணியாளர். டைஃபஸ் காய்ச்சலைச் சோதிக்கும் அனுமதிச் சீட்டு இருந்ததால் உள்ளே போய்வர முடிந்தது. கூட ஒரு பெரிய வலைப்பின்னலே வேலை செய்தது, பெரும்பாலும் பெண்கள். அவர்களை விட்டுவிட்டுத் தன்னை மட்டும் புகழ்வதை அவரே விரும்பியதில்லை. குழந்தைகளின் உண்மைப் பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கண்ணாடிக் குடுவையில் போட்டுப் புதைத்து வைத்தார், போருக்குப் பின் உறவுகளிடம் சேர்ப்பதற்காக. 1943 அக்டோபரில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ பிடித்துச் சித்திரவதை செய்தது. பெயர்களைச் சொல்லவில்லை. மரண தண்டனைக்கு அழைத்துப்போன அன்று, ஷெகோட்டா என்ற ரகசிய அமைப்பு லஞ்சம் கொடுத்து அவரை மீட்டது. 2008 வரை வாழ்ந்தார். இதில் மிகைப்படுத்த என்ன தேவை இருக்கிறது?

கடைசியாக ஹாரியட் ஜேக்கப்ஸ். என்னைக் கேட்டால் இந்த வரிசையில் மிகவும் சாமர்த்தியமானவர் இவர்தான். அமெரிக்காவின் வட கரோலினாவில், ஈடன்டன் என்ற ஊரில் 1813இல் அடிமையாகப் பிறந்தவர். 12 வயது வாக்கில் அவர் ஒரு டாக்டர் வீட்டின் சொத்தானார். ஜேம்ஸ் நார்கம் என்ற அந்த டாக்டர், சிறுமி வளர வளரத் தொல்லை கொடுக்க ஆரம்பித்தான். ஹாரியட்டின் இரண்டு பிள்ளைகளையும் அவன் தோட்ட வேலைக்கு அனுப்பப்போகிறான் என்று தெரிந்ததும் 1835இல் தப்பினார். தாய் ஓடிவிட்டால் பிள்ளைகளை வைத்திருப்பதில் அவனுக்கு ஆர்வம் போய்விடும், விற்றுவிடுவான் என்பது அவர் கணக்கு. நார்கம் 100 டாலர் பரிசு அறிவித்து விளம்பரம் கொடுத்தான். நன்றாகத் தைக்கத் தெரிந்தவள், அதனால் நல்ல உடைகள் வைத்திருப்பாள் என்று அதில் அடையாளம் சொன்னான். இங்கேயும் ஊசி!

அவர் ஊரை விட்டு ஓடவே இல்லை. விடுதலை பெற்றிருந்த பாட்டியின் வீட்டை ஒட்டிய சாமான் அறையின் கூரைக்கும் பலகைக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒளிந்தார். நீளம் ஒன்பது அடி, அகலம் ஏழு அடி, உயரம் அதிகபட்சம் மூன்று அடி. அதுவும் சரிவாகக் குறைந்துகொண்டே போகும். நிமிர்ந்து நிற்க முடியாது. வெளிச்சம் இல்லை, எலிகள் ஓடும், கோடையில் கூரை கொதிக்கும், குளிரில் கால் மரத்துப்போகும். மாமா ரகசியக் கதவு அமைத்தபோது விட்டுப்போன ஒரு துளைக்கருவி கைக்குப் பட்டது. அதைக் கொண்டு பலகையில் மூன்று வரிசை ஓட்டைகள் போட்டு, நடுவில் இருந்த மரத்தையும் குடைந்து, ஓர் அங்குல நீளம், ஓர் அங்குல அகலத்தில் ஒரு சாளரம் செய்துகொண்டார். அதன் வழியே தெருவில் தன் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தார். அம்மா மேலேதான் இருக்கிறார் என்று முதலில் அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அதோடு நிற்கவில்லை. நார்கமைத் திசைதிருப்ப, நியூயார்க்கிலிருந்து எழுதுவதுபோல் கடிதங்கள் எழுதினார். அந்த ஊர்த் தெருப் பெயர் வேண்டுமே? ஏதோ சுற்றி வந்த பழைய நியூயார்க் செய்தித்தாளின் ஒரு பாதியை வாங்கி, அதிலிருந்து தெருப் பெயர் எடுத்தார். நம்பகமான ஓர் ஆள் மூலம் அங்கே கொண்டுபோய் அஞ்சலில் போட வைத்தார். கடிதம் வந்ததும் நார்கம் தன் இஷ்டத்துக்கு வேறு விதமாக எழுதிய ஒன்றைக் கொண்டுவந்து பாட்டியிடம் வாசித்துக்காட்டினான். பக்கத்தில் ஒளிந்தபடி ஹாரியட் அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏறத்தாழ ஏழு ஆண்டு இப்படி. 1842இல் கப்பலில் வடக்கே தப்பினார். பிள்ளைகளையும், அவர்களுடைய தந்தை விலைக்கு வாங்கியிருந்ததால், நார்கமிடமிருந்து தப்ப வைக்க முடிந்தது.

1852இல் அவர் வேலை பார்த்த வீட்டு அம்மாள் 300 டாலர் கொடுத்து அவருடைய விடுதலையை வாங்கினார். நன்றி இருந்தது, கசப்பும் இருந்தது. நியூயார்க் நகரிலேயே தன்னை விற்றுச் சீட்டு எழுதியிருக்கிறார்களே என்று. பிள்ளை பார்க்கும் வேலைக்கு நடுவே, பெரும்பாலும் இரவுகளில், தன் கதையை எழுதி 1861இல் புனைபெயரில் வெளியிட்டார். வெள்ளைக்கார எழுத்தாளர் லிடியா மரியா சைல்ட் அதைப் பதிப்பித்தார். அதனாலேயே, இது சைல்ட் எழுதிய கற்பனைக் கதை, அடிமைப் பெண் இப்படி எழுதியிருக்க முடியாது என்று ஆய்வாளர்கள் நூறாண்டுக்கும் மேல் ஒதுக்கி வைத்தார்கள். 1980களில் ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற பேராசிரியர், ஹாரியட் தன் தோழி ஏமி போஸ்டுக்கு எழுதிய கடிதங்களையும் ஈடன்டன் ஊர் ஆவணங்களையும் வைத்து, ஒவ்வொரு புனைபெயருக்குப் பின்னால் இருந்த உண்மை மனிதரையும் அடையாளம் காட்டினார். ஹாரியட் 1897இலேயே இறந்துவிட்டார்.

மகளுக்குச் சொல்லும் வரிசை பற்றி ஒரு யோசனை. யூலியானேயையும் டாமியையும் எந்த வயதிலும் சொல்லலாம். புழு எடுத்த கதையைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஏடாவைச் சொல்லும்போது நாய்ஸ் செய்ததை விட்டுவிடாதீர்கள். ஹாரியட்டின் கதையில் நார்கமின் தொல்லை பாலியல் தொல்லை. அதை மழுப்பிச் சொன்னால் அவர் ஏன் ஏழு ஆண்டு இடுக்கில் கிடந்தார் என்பதே புரியாது. அதனால் அதைப் பேச இருவரும் தயாராக இருக்கும் வயதில், பதினைந்து வாக்கில், தொடங்குங்கள்.